முப்பது வரை

அந்தத் தேசத்தில் மார்கழியில்தான் கத்திரி.
மார்பிள் பாருக்குத் தெற்கே
சிவப்பு மண்சாலையில்
வாரம் இரண்டு முறை
மாட்டுத் தொட்டிகளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவர
ஒற்றையாய் வண்டி ஓட்டுகிறாள்
இமோஜன் ட்ரெவாஸ்கிஸ்.

முகப்புக் கண்ணாடிக்குக் கீழே, தட்டில்:
உருகி மறுபடி இறுகிய இருமல் மிட்டாய்,
மை காய்ந்த பேனா,
இடதுகைக்கு மட்டும் ஒரு கையுறை,
இருபது தோட்டா கொள்ளும் அட்டைப்பெட்டி.
பெட்டிக்கு இது மூன்றாவது கோடை.

வெளியே நாற்பத்தேழு பாகை.
உள்ளே, அந்தத் தட்டின் மேல்
முட்டை உடைத்து ஊற்றினால் ஓரம் வெளுக்கும்.

"ஒருநாள் எல்லாம் பட்டாசுக் கட்டாய் வெடிக்கப் போகிறது பார்"
என்பான் டீசல் கொண்டுவரும் கோரன்.
ஸ்டீயரிங்கில் துணி சுற்றிக்கொண்டே
சிரிப்பாள்.

வெடிக்காதுதான்.
அதற்கு இந்த வெயில் போதாது,
வண்டியே பற்றி எரியவேண்டும்.

வெயில் செய்வது வேறு.
பித்தளை ஓட்டுக்குள்
மருந்து தன் ஆவியில் தானே புளிக்கிறது,
மூடிவைத்து மறந்த மாவுபோல.
பகலில் விரிந்து இரவில் சுருங்கி
விரிந்து சுருங்கி
ஓட்டின் வாயோரம் ஒரு மயிரிழை இடம் விடுகிறது.
மாசியில் புயல்மழை வரும்போது
அந்த வழியே கொஞ்சம் ஈரம்.
வெளியே ஒன்றும் தெரியாது.
செம்பு மூக்கில் அதே பளபளப்பு.
பெட்டியில் அச்சிட்ட வேகம்
அதே வேகம்.

புதன்கிழமை, பதினோரு மணி.
தாது ஏற்றிப்போன நெடுலாரி
இரவில் இடித்துப்போட்ட காட்டுக்கழுதை
சாலையோரம் உட்கார்ந்திருந்தது,
நாய் உட்காருவதுபோல.
கழுதை அப்படி உட்காராது.
பின்னங்கால்கள் வேறு யாருடையவோ போல்
ஒரு பக்கமாய்க் கிடந்தன.

துப்பாக்கியை எடுத்தாள்.
பெட்டிக்குள் விரல் விட்டவள் உதறினாள்,
தோசைக்கல்லைத் தொட்டவள்போல.
ஒன்று மண்ணில் விழுந்தது.
இடதுகைக் கையுறை போட்டு
வேறொன்றை எடுத்து ஏற்றினாள்.

நெற்றி. விசை.

டிக்.

விதி ஒன்று உண்டு:
உடனே திறக்காதே.
உள்ளே பொறி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.
யாரும் இல்லாத பக்கம் குழலை நீட்டி
முப்பது எண்ணு.

எண்ணினாள்.
ஏழில் கழுதை அவளைப் பார்த்தது.
பன்னிரண்டில் அதன் கண்ணோர நீரை
ஈ ஒன்று குடிக்க வந்தது.
அது இமைக்கவில்லை.
பதினெட்டா, பத்தொன்பதா
தவறிப்போய்
பதினைந்திலிருந்து மறுபடி.
எங்கோ தூரத்தில் காற்றாலை ஒரே ஒரு சுற்று சுற்றி நின்றது.
இருபத்தாறில் கழுதை
நீளமாய் மூச்சு விட்டுத்
தலையை மண்ணில் சாய்த்தது,
டோக்கன் எண் இன்னும் வெகுதூரம் என்று தெரிந்துகொண்ட
ஆஸ்பத்திரி வரிசைக்காரர்போல.
இருபத்தேழு.
இருபத்தெட்டு.
தன் குரல் சத்தமாகவே எண்ணிக்கொண்டிருந்தது
அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.

அடுத்தது வெடித்தது.
அளவுக்கு மேலேயே வெடித்தது.
தோள் கன்றிப்போக,
இறுகிக்கொண்ட தாழை உள்ளங்கையால்
மூன்று முறை அடித்துத்தான் திறக்க முடிந்தது.
ஒரே பெட்டி, ஒரே வெயில்.
ஒன்று ஊமை, ஒன்று வெறி.

ஊமையாய்ப் போனதைக்
காலி டப்பா ஒன்றில் தனியே போட்டாள்.
மண்ணில் விழுந்ததைத் தேடி எடுத்தாள்.
பிறகு தொட்டிக்குப் போனாள்.
தண்ணீர் இருந்தது.

வெள்ளிக்கிழமை கோரன் வந்தான்.
தட்டில் மிட்டாயும் பேனாவும் மட்டும்.
"பட்டாசு எங்கே?"
சாப்பாட்டுப் பெட்டியைக் காட்டினாள்.
இருக்கைக்கு அடியில், நிழலில்,
ரொட்டிக்குப் பக்கத்தில்
புதுப் பெட்டி, மேலே தேதி எழுதி.

"ஏன், வெடித்துவிட்டதா?"

"இல்லை" என்றாள்.
"அதுதான்."