பதினோரு மில்லிமீட்டர்

கல் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.
பள்ளிகொண்டாவில் பிறந்தவளுக்கு
திரும்பின பக்கமெல்லாம் பாறை,
உள்ளே ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஸ்கேனில் வெள்ளையாய் ஒரு பொட்டு.
"பதினோரு எம்எம்" என்றார் டாக்டர்,
ஜாக்கெட்டுக்கு அளவு சொல்வதுபோல.
"தண்ணி குடிக்க மாட்டியாம்மா?"

மாட்டேன்.
லைனுக்கு நாற்பது பேர், டோக்கன் இரண்டு.
மஞ்சள் பிளாஸ்டிக், நடுவில் ஓட்டை.
அது கைக்கு வராமல் கழிவறைக்குப் போக முடியாது.
சூப்பர்வைசர் குணாளன் கெட்டவன் இல்லை;
கடிகாரத்தைப் பார்ப்பான், நம்மைப் பார்க்க மாட்டான்.
சித்திரை வெயிலில், தகரத்துக்கு அடியில்,
உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு
ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறோம்
யார் காலுக்கோ.
அந்த ஊரில் பனி கொட்டுமாம்.

இதில் ஒன்றையும் டாக்டரிடம் சொல்லவில்லை.
"குடிக்கிறேன் சார்" என்றேன்.
பொய் என்று கல்லுக்குத் தெரியும்.

வேலூர் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால்
ஒரு வங்காளத்துக்காரர்,
இரண்டு நாள் ரயில் அழுக்கு இன்னும் காலரில்.
விலாவைத் தொட்டு ஏழு விரல் காட்டினார்.
நான் பத்தும் காட்டி
அப்புறம் ஒன்று காட்டினேன்.
எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டார்.

இடுப்புக்கு அடியில் தண்ணீர் நிறைந்த ஒரு பை.
நடுவில் ஜெல், ஐஸாய்.
மெஷின் ஓட்டுகிறவள் பெயர் ஹெப்சிபா, அட்டையில் இருந்தது.
"கத்தி இல்ல, தையல் இல்ல. அதிர்வுதான்.
தண்ணி வழியா போவும், சதை வழியா போவும்,
கல்லுல போயி இடிக்கும். ஆடாத படு."

டக்.

முதலில் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி.
நூறு தாண்டினதும்
விலாவுக்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்,
திறக்க உள்ளே ஆளில்லை.
டக். டக்.
எண்ணுவது எனக்குப் பழக்கம்.
அங்குலத்துக்கு எட்டுத் தையல்,
ஒன்பது வருஷமாய்க் காலால் எண்ணுகிறேன்.
இந்த மெஷின் என்னுடையதைவிட மெதுவு.
ஆனால் இன்றைக்கு ஊசிக்கு அடியில் கிடப்பது நான்.
தோலை அவ்வளவு இழுத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஆயிரத்து நானூறில் நிறுத்தினாள்.
கல் கொஞ்சம் நகர்ந்துவிட்டதாம்.
எக்ஸ்ரேயில் தேடிப் பிடித்துக் குறி வைத்தாள்.
பிறகு "இரும்மா, தோ வர்றேன்" என்று
வெளியே போய்
ஈரக் கையோடு திரும்பி வந்தாள்.

யாரையும் கேட்கவில்லை.
சுவரில் எங்கேயும் ஆணி இல்லை,
ஆணியில் மஞ்சளாய் எதுவும் தொங்கவில்லை.

மூவாயிரம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் செம்பருத்திச் சாறு மாதிரி போனது.
இரண்டாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு
செத்த அம்மாவைக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டேன்.
மூன்றாம் நாள், முப்பது ரூபாய்க்கு வாங்கின
புது டீ வடிகட்டியில்
மணல்.
பாலாற்றில் லாரி மிச்சம் வைக்காத மணல்
என்னிடம் ஒரு சிட்டிகை இருந்தது.
எள்ளுப் புண்ணாக்கு நிறம்.
மாத்திரைக் கவரில் மடித்து லேபுக்குக் கொடுத்தேன்.
கால்சியம் ஆக்சலேட் என்று சீட்டு வந்தது.
டோக்கன் என்று எழுதவில்லை.

திங்கட்கிழமை இரண்டு லிட்டர் பாட்டிலை
மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.
பத்து மணிக்குள் பாதி காலி.
இரண்டு டோக்கனும் வெளியே போயிருந்தன.
மிதியிலிருந்து காலை எடுத்தேன்.
"இன்னாடி?" என்றாள் தில்ஷாத், தலை நிமிராமல்.
குணாளன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து
முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.
என் பேரை ஞாபகப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறான் போல.
அதற்குள் கதவு வரை வந்துவிட்டேன்.

உள்ளே இன்னும் நாலு மில்லிமீட்டர் மிச்சம்.
அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்,
லீவு வேறு கேட்க வேண்டும்.