ஏவல் வினை

எட்மண்டனில் மைனஸ் இருபத்தொன்பது.
காலை ஓட்டம் முடிந்து மாலை ஓட்டம் தொடங்குமுன்
எனக்கு மூன்றரை மணிநேரம் உண்டு.
மற்ற பஸ் சாரதிகள் டிப்போவில் கண்ணயர்வார்கள்.
நான் சீருடையைக் கழற்றாமலே
கல்லூரியின் இரண்டாம் மாடிக்கு ஏறி
ரஷ்ய மொழி, முதலாம் ஆண்டு,
கதவோரக் கதிரையில் உட்காருகிறேன்.
எட்டுப் பேர். ஏழு பேருக்கு என் மகனின் வயது.

முதல் நாள் ஸினயீதா மார்க்கொவ்னா
எல்லோரிடமும் தகப்பன் பெயர் கேட்டார்.
இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து
வங்கியும் வரி இலாகாவும் பல் டொக்டரும்
என்னை மிஸ்டர் நமசிவாயம் என்றே கூப்பிடுகிறார்கள்.
ஐயா செத்த பிறகும் அவருக்குத்தான் கடிதம் வருகிறது.
"அமிர்தன் நமசிவாயமொவிச்" என்றார் ஸினயீதா,
நாக்கு ஒரு தடவை இடறி.
பையன்கள் சிரித்தார்கள். நானும்.
இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக
நானும் இருந்தேன், ஐயாவும் இருந்தார்.

முன்பு ரஷ்யன் படித்ததுண்டா என்ற இடத்தில்
இல்லை என்று எழுதியிருந்தேன்.
மூன்றாம் கிழமை வாய் தவறிவிட்டது.
தெரிந்த வினைச்சொல் ஒன்று சொல்லுங்கள் என்றார்.
ஸ்தோய், என்றேன். ஸிதீ. மல்ச்சீ. ப்ளதீ. ஜ்தீ.
நில். இரு. வாயை மூடு. காசைக் கட்டு. காத்திரு.
"உச்சரிப்பு சுத்தம்" என்றார்.
"ஆனால் எல்லாமே ஏவல்.
யார் சொல்லித் தந்தது இப்படி?"

கோஸ்த்யா என்றொரு ஏஜென்ட்,
மாடிப்படியில் சில பொலிஸ்காரர்,
மாஸ்கோவின் ஏதோ ஓர் ஓரம், ஒன்பதாம் மாடி,
இரண்டு அறையில் பதினொரு பேர்,
ஜன்னலில் ஆணியடித்த கம்பளி.
இதையெல்லாம் சொல்ல
எனக்கு இன்னும் இறந்தகாலம் வந்திருக்கவில்லை.
அது ஆறாவது பாடத்தில்தான்.

தமிழில் இது குறையே இல்லை.
எங்கள் வினைகள் ஏவலாய்த்தான் பிறக்கின்றன.
அகராதியைத் திறந்தால்
வா, போ, நில், ஓடு என்று
பக்கத்துக்குப் பக்கம் அதட்டல்.

பையன்கள் தடுக்கி விழும் இடத்தில் நான் சுகமாய் நடக்கிறேன்.
எனக்குண்டு என்பதற்கு ரஷ்யனில்
என்னிடம் இருக்கிறது என்றே சொல்கிறார்கள்.
பிடித்து வைக்கிற வினை அங்கும் இல்லை, இங்கும் இல்லை.
பொருள் நம் பக்கத்தில் சும்மா இருக்கும்,
எழும்பிப் போகும்வரை.

இரண்டாம் பருவத்தில் ஒரு நாவல், சுருக்கிய பதிப்பு.
அதில் ஒருவன் ஜன்னலருகே நின்று
பனி விழுவதைப் பார்க்கிறான், நான்கு பக்கத்துக்கு.
யாரும் அவனை அப்பால் போ என்று சொல்லவில்லை.
பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு
பாலம், சந்தை, மணிக்கூண்டு,
வெந்நீர் விற்கும் கிழவன் என்று
நகரம் முழுக்கச் சுற்றுகிறான்.
ஏழு மாதம் நான் இருந்த ஊரை
இப்போதுதான் பார்க்கிறேன்,
நூற்று அறுபதாம் பக்கத்தில்,
விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு.

கடைசிப் பயிற்சி: இறந்தகாலத்தில் ஐந்து வாக்கியம்.
அந்த மொழியில் இறந்தகாலத்துக்கு இரண்டு வாசல்,
முடிந்ததற்கு ஒன்று, முடிந்ததோ என்று சொல்லாததற்கு ஒன்று.
ஏழு மாதம் காத்திருந்தோம், எழுதினேன்.
ரொட்டி தின்றோம். மெதுவாகப் பேசினோம்.
சீட்டு விளையாடினோம்.
ஐந்தாவது, குலசிங்கம்.
ஒரு மார்ச் இரவு லொறியின் பின்னால் ஏறி
எல்லைக்குப் போனான்.
போய்ச் சேர்ந்தானா, போய்க்கொண்டிருந்தானா,
எந்த வினை போடுவது?
அட்டவணையில் இரண்டும் இருக்கிறது.
கோடு போட்டு இடம் விட்டேன்.

ஸினயீதா தாளைத் திருப்பித் தந்தார்.
அந்தக் கோட்டில் சிவப்புப் பேனா படவில்லை.
முதல் வாக்கியத்தில் மட்டும் ஒரு சுழி:
ஏழு என்ற சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து வர வேண்டுமாம்.
அதற்கு ஓசை கிடையாது.
முன்னெழுத்தை மெதுவாக்கும், அவ்வளவுதான்.
அரைப் புள்ளி போயிற்று.

மூன்று ஐம்பதுக்கு என் பஸ்.