யோகா மிஸ்

கழுத்து அட்டையில் யோகவதி கொள்ளவில்லை.
ஆங்கிலத்தில் முதல் நாலு எழுத்தை வைத்துக்கொண்டு
மிச்சத்தை விட்டுவிட்டார்கள்.
முதல் கிழமையே ஒரு தாய் கேட்டாள்,
யோகா வகுப்பு எந்த நாளில் என்று.
ஒவ்வொரு நாளும்தான்.
குனிகிறேன், நிமிர்கிறேன்,
நாலு வயதுக்குச் செய்த கதிரையில்
முழங்கால் காதைத் தொட இருக்கிறேன்.

பத்தரைக்கு வெளியே போகவேண்டும்.
பாசலில் இன்றைக்கு மைனஸ் நாலு. பிள்ளைகள் பதினேழு.
முதலில் பனிக்காற்சட்டை, பிறகு சப்பாத்து,
பிறகு குளிர்ச்சட்டை, தொப்பி, கடைசியாகக் கையுறை.
ஒழுங்கு பிசகினால் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பத் தொடங்கவேண்டும்.
நாடியை உயர்த்து என்று இப்போது சொல்வதில்லை,
சிப்பை நோக்கி என் கை வந்தாலே
தானாக மேலே போகும் ஒவ்வொரு நாடியும்,
சவரக் கத்திக்குக் காத்திருக்கும் சின்னச் சின்ன ஆண்களைப்போல,
பெண் பிள்ளைகளும்.
பதினேழாவது ஆளுக்குக் கையுறை மாட்டி முடிகையில்
முதலாவது ஆளுக்கு மூத்திரம் வரும்.

ஐயோ.

அது என் வாயிலிருந்து விழுந்துகொண்டிருந்தது
எனக்கே தெரியாது.
பால் கொட்டியபோது ஓட்டிலி சொன்னாள்.
கட்டைக் கோபுரம் சரிந்தபோது மத்தேயுஸ் சொன்னான்.
பிறகு சேயுன்.
வந்து ஏழு கிழமை, ஒரு மொழியிலும் வாய் திறக்காதவன்,
வீட்டில் கொரிய மொழியிலும் குறைவு என்று தகப்பன் எழுதியிருந்தார்.
சன்னலடியில் மர ரயிலுக்குப் பெட்டி கோத்துக்கொண்டிருந்தான்.
கடைசிப் பெட்டி கவிழ,
இரண்டு கையையும் தலையில் வைத்து
ஐயோ என்றான்.
நீட்டி, என்னைப்போலவே,
அந்தக் கடைசி ஓகாரத்தைக் கொஞ்சம் இறக்கி.

ஹெதர் மிஸ் அவதானிப்புத் தாளை எடுத்தாள்.
முதற் சொல், திகதி, நேரம்.
எந்த மொழி என்று ஒரு பெட்டி இருந்தது.
பேனை நின்றது. என்னைப் பார்த்தாள்.
நான் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தேன்.
கடைசியில் 'மற்றவை'யில் புள்ளடி போட்டாள்.

பெற்றோர் கூட்டத்திலும் அது வந்தது.
ஆண்டுக்கு இவ்வளவு பிராங் கட்டுகிறவர்கள் கேட்கலாம்தானே.
அது பிரார்த்தனையா, திட்டா?
சாவு வீட்டிலும் சொல்வோம்,
கறி அடிப்பிடித்தாலும் சொல்வோம்,
ஒருவனை நாசமாய்ப் போ என்பதற்கு முன்னும் சொல்வோம்.
இதை எந்தக் கதிரையில் இருந்து விளங்கப்படுத்துவது?
பரவாயில்லை, துடைத்துவிடலாம் என்று அர்த்தம் என்றேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
ஒருவர் குறித்தும் கொண்டார்.

பதினோராம் இலக்க ட்ராமில் வீடு திரும்பினேன்.
என் மகன் நகரசபைப் பாலர் பள்ளியில் படிக்கிறான்,
நான் வேலை செய்யும் இடத்துக்கு என் சம்பளம் எட்டாது.
அன்று படியில் தடுக்கி விழுந்து
'அவுச்' என்றான்.
சரியாகச் சொல்லு என்று வாய் வரை வந்தது.
பிறகு முழங்காலைப் பார்த்தேன், இரத்தம்.

பெப்ரவரி விடுமுறைக்குள் சேயுனுடைய தகப்பனின் கம்பனி
அவரை நியூஜெர்சிக்கு மாற்றிவிட்டது.
கடைசி நாள் நான் சிப் பக்கம் போகக்கூட இல்லை,
தூரத்திலிருந்தே நாடியை உயர்த்தினான்.
அணைக்கலாமா என்று விதிக்கோவையில் ஒரு பக்கம் இருக்கிறது.
நான் அதை வாசித்திருக்கிறேன்.
அணைத்தேன்.

கொழுவிக்கு மேலிருந்த அவன் பெயரை நகத்தால் உரித்தேன்.
பெயர் வந்தது, பசை வரவில்லை.
திங்கட்கிழமை அதே இடத்துக்குப் புதுப் பிள்ளை,
ஒலுவாசெயிஃபுன்மி.
ஆங்கிலத்தில் பதினாலு எழுத்து.
அலுவலகம் 'ஒலு' என்று அடித்து அனுப்பியிருந்தது.

நீளத்தாள் ஒன்றை வெட்டி
எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி எழுதினேன்.
பக்கத்துக் கொழுவிவரை போனது பெயர்.
மத்தேயுஸ் நின்று பார்த்தான்,
தன் பெயரின் கடைசி எழுத்து மறைகிறது என்று
ஐயோ என்றான்.
நகர்த்தி ஒட்டினேன்.