அரைப் பேர்

பிரதேச செயலகத்திலிருந்து வந்த தம்பி
மழைக்கோட்டைக் கழற்றாமலே சொல்லிவிட்டுப் போனான்:
மேல்மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது,
முக்கியமான கடுதாசியெல்லாம் ஒரே பையில் கட்டிக்
கதவோரம் மாட்டி வையுங்கள்,
சைரன் அடித்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு
பாடசாலைக்கு ஓடி வாருங்கள்.

எது முக்கியம் என்று அவன் சொல்லவில்லை.
கீழ் லயத்துக்கும் போக வேண்டியிருந்தது அவனுக்கு.

இரவு எட்டரை. ஒழுகும் இடத்தில் வாளி.
காம்பரா நடுவே சாக்கை விரித்து
அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்தவை,
சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியவை,
மெத்தைக்கடியில் நசுங்கியவை
எல்லாவற்றையும் கொட்டினேன்.
கொழுந்துக் கூடையைக் கவிழ்த்த மாதிரி கிடந்தது.
எது தளிர், எது முற்றல் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விரல்
இங்கே வந்து திகைத்து நின்றது.

டிலானி ஒன்பதாம் வகுப்பு.
மூன்று பாஷையும் எழுத்துக் கூட்டுவாள்.
வாசி என்றேன்.

பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் நான் பவளக்கொடி.
அடையாள அட்டையில் பவலகொடி,
சிங்களத்துக்குப் போய்த் திரும்பி வந்த களைப்பு.
செக்ரோலில் வெறும் பவளம்.
ஈ.பி.எஃப். அட்டையில் இங்கிலீஷில், பி. கோடி.
"அம்மா, நீ கோடிம்மா!"
விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.
பதினெட்டுக் கிலோ நிறையாத நாளெல்லாம்
அரைப் பேர் போட்டவர்கள்
எனக்கு இத்தனை பேர் வைத்திருக்கிறார்களே!

இவர்கள் நால்வரும் ஒரே ஆள்தான் என்று
கிராம சேவகர் எழுதிக் கொடுத்த கடிதமும் கிடைத்தது.
அதில் என் புருஷன் பெயர் ஜெயசீலி.

மருந்துத் துண்டுகளை அடுப்பில் போட்டேன்.
தேர்தல் நோட்டீசுகளை, ஒரு கட்டு,
வாளிக்கடியில் விரித்தேன்; அதற்காவது உதவட்டும்.
மகனின் தடுப்பூசி அட்டையை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
அவனுக்குப் பத்தொன்பது வயது.
பையில் போட்டேன்.

சாமிக்குப் பின்னாலிருந்து, திருநீறு படிந்து
தடித்த உறைக்குள் சிங்களக் கடிதம் ஒன்று.
புது வீட்டுக்குப் பேர் வந்த கடிதம் அது என்று
மூன்று வருடமாக நானும் அவரும்.
யாரிடமும் வாசிக்கக் கொடுக்கவில்லை.
வாசித்தால்தானே இல்லையென்று ஆகும்?
பொங்கலன்று அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

டிலானி வரிவரியாக விரல் வைத்தாள்.
ஆட்டோ வாங்க லீசிங் தருகிறார்களாம்.
முன்பணம் கொஞ்சம்தானாம்.
மார்ச் முப்பத்தொன்றோடு முடிந்துவிட்டதாம்.
இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

ஒன்பதேகாலுக்குப் புறக்கோட்டையிலிருந்து அவர் பேசினார்.
"எல்லாத்தையும் பத்திரமா வச்சியா?"
வச்சேன்.
"வீட்டுக் கடுதாசி?"
எந்த வீட்டுக்கு?
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
தகரத்தில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
கொழும்பில் மழையில்லையாம்.
கடிதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

உறை மட்டும் நல்ல கனம், ஈரம் இறங்காது.
கடிதத்தை உருவி எடுத்துவிட்டு
பிறப்புப் பத்திரம் நான்கையும் அதற்குள் வைத்தேன்.
பொட்டு இன்னும் இருந்தது.

ஹட்டன் துணிக்கடைப் பை, இரண்டு முடிச்சு.
இத்தனை வருட வாழ்க்கை
ஒரு கிலோகூட வராது.
தராசில் போட்டால் அரைப் பேருக்கும் காணாது.

ஆணியில் மாட்டிய பிறகு ஞாபகம் வந்தது.
மறுபடி முடிச்சவிழ்த்து, அடகுச் சீட்டைத் தேடி எடுத்தேன்.
டிலானியின் தோடு. வெள்ளிக்கிழமை தவணை.
மலை வந்தாலும் வராவிட்டாலும்
வெள்ளிக்கிழமை வரும்.
நாலாக மடித்து
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு
விளக்கை அணைக்காமல் படுத்தேன்.