ஊத்துப்பட்டி பீடர்

அம்பத்தூரிலிருந்து கொண்டுவந்த திரைச்சீலைகள்
இந்தச் சன்னல்களுக்கு ஒரு சாண் குறைச்சல்.
அந்த ஒரு சாணில்
எதிர்வீட்டு வெள்ளாடு வந்து நின்று
எங்கள் சோற்றைப் பார்க்கும்.
தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை, என்றார் காமுத்தாயி
சாவியைத் தந்த கையோடு.
செருப்பை உதறிப் போடணும், தேள் கிடக்கும், என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
எழுமலை மினிபஸ் கை காட்டினால் நிற்காது
டிரைவர் பெயரைச் சொல்லிக் கத்தினால் நிற்கும் என்பதை
ரெண்டு பஸ்ஸை விட்டபின்
நாங்களே தெரிந்துகொண்டோம்.

எனக்கு வேலை துணைமின் நிலையத்தில்.
ஆறு பீடர், ஆறு கைப்பிடி, ஒரு நாற்காலி.
நாற்காலியின் நாலாவது காலுக்கு
உடைந்த இன்சுலேட்டர்.
ஊர்களை முதலில் ஆம்பியராகத்தான் அறிந்தேன்.
தாடையம்பட்டி விடியற்காலை நூற்றிருபது.
கரட்டுப்பட்டி, பொங்கல் சாட்டிவிட்டால் துள்ளும்.
ஊத்துப்பட்டி எப்போதும் அறுபதுக்குக் கீழே,
இன்னும் கொஞ்சம் சோறு என்று கேட்கத் தெரியாத பிள்ளை மாதிரி.
அதில்தான் எங்கள் வீடும் இருக்கிறது.

போன் அடிக்கும்.
"சுந்தரமாலிங்கமா?"
அவர் மாற்றலாகிப் போய்விட்டார், நான்
"சரி சரி, மூணு ஃபேஸ் எப்ப வரும்?"
மோட்டார் போடக் காத்திருப்பவர்கள்,
மாவுமில்காரர், மைக்செட் கட்டியவர்,
ராத்திரி ரெண்டு மணிக்கு
கரண்ட் இருக்கும்போதே கூப்பிட்டு
"சும்மாதான்" என்று வைத்த ஒருத்தர்.
பதினாறு வருசம் அவர் பெயருக்குப் போன கேள்வி
என் பக்கம் திரும்பமாட்டேன் என்றது.
ஆவணிக்குள் திருத்துவதை விட்டுவிட்டேன்.
சுந்தரமாலிங்கமா?
ஆமா.
குரல் ஒரு மாதிரியா இருக்கே?
ஜலதோசம்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
சாப்டூர் மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியது.
"ஊத்துப்பட்டில வேலிக்கருவேலு கம்பி மேல சாஞ்சு கெடக்கும்மா,
நிப்பாட்டுங்க" என்றார் லைன்மேன் மொக்கராசு.
கைப்பிடியைத் திருப்பினேன்.
ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்ற அட்டையை
அதில் மாட்டினேன்.
சன்னலுக்கு வெளியே
சோளக்காட்டுக்கு அப்பால் தெரிகிற ஏழெட்டு வெளிச்சம்
ஒரே சமயத்தில் இல்லாமல் போனது.

மகள் கூப்பிட்டாள்.
அம்மா, கரண்ட் போச்சு.
நான்தான் நிப்பாட்டினேன்.
நம்ம வீட்டையுமா?

கம்பத்து மேல ஒருத்தர் இருக்காரு, என்றேன்.
யாரு?
மொக்கராசு மாமா.
யோசித்தாள். மழை கேட்டது.
அப்ப சரி.

அதற்கப்புறம் பத்தொன்பது போன்.
எல்லோரிடமும் அதையே சொன்னேன்:
கம்பத்து மேல மொக்கராசு இருக்காரு.
திட்ட ஆரம்பித்தவர்கூட
பாதி வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொண்டார்.
சுந்தரமாலிங்கத்தை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
அல்லது கேட்டார்களோ, எனக்குக் காதில் விழவில்லை.
கடைசியாகக் காமுத்தாயி:
"பிள்ளை இங்கதான் இருக்கு.
ஆட்டுக்குட்டியப் பிடிச்சுக்கிட்டே தூங்கிருச்சு.
நீ பாட்டுக்கு அவசரப்பட்டுப் போட்டுறாத."

ஒன்பது ஐம்பதுக்கு மொக்கராசு,
மூச்சு வாங்க:
"எர்த்து எடுத்தாச்சு, ஆளு எறங்கியாச்சு. போட்டுப் பாருங்க."

அட்டையைக் கழற்றினேன். திருப்பினேன்.
உள்ளே ஏதோ இரும்பு இரும்பைப் பிடித்தது.
முள் எழுந்தது, நடுங்கியது.

நிக்குதா?

இருங்கண்ணே.

நிக்குதா?

நிக்குது.

பதிவேட்டில் எழுதினேன்: 21.52, ஊத்துப்பட்டி, ஐம்பத்து மூன்று.
இந்த ஐம்பத்து மூன்றில் எங்கள் வீடு எவ்வளவு?
அணைக்காமல் விட்ட ஒரு ஃபேன், அடுப்படி பல்பு.
அவ்வளவு சின்னதையெல்லாம் முள் காட்டாது.
ஆனாலும் நாற்காலியை இழுத்துப்போட்டு
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.