டப்பா நிறையும் நேரம்

லொரெய்ன் ஏரிக்கு முப்பத்தொரு பங்குதாரர்கள்.
நான் அதில் சேர்த்தியில்லை.
என் வீடு கரைக்குக் கீழே, மிசௌரிக் குன்றுகளின் மடிப்பில்;
அவர்கள் படகு ஓட்டும் மட்டத்தில்
என் புகைபோக்கி நிற்கிறது.

எண்பத்து நாலில் ஓடையை மறித்து
மண் குவித்தவன் மனை விற்பவன்.
மனைவி பேரை வைத்தான். அடுத்த கோடையில்
அவள் டல்சாவுக்குப் போய்விட்டாள்.
அணையின் உயரம் முப்பத்து நாலு அடி.
முப்பத்தைந்தாக இருந்தால் அரசாங்கம் வந்து பார்க்கும்.
அந்த ஓரடியைக் கட்டாமல் விட்டவன்
கெட்டிக்காரன்.

ஆகவே நான் பார்க்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை, ஆடுகளுக்குத் தீனி வைத்த பிறகு,
காப்பித்தூள் டப்பாவும் கைக்கடிகாரமுமாய்.
கரையின் அடிவாரத்தில், பழைய தூம்புக்கு இடப்பக்கம்
கட்டைவிரல் பருமனில் ஒரு கசிவு.
டப்பா நிறைய நாற்பத்தொரு விநாடி.
தெளிந்து வந்தால் அது தண்ணீர்.
கலங்கி வந்தால்
கரை கரைகிறது.

வருடக் கூட்டம் நடக்கும் கூடத்தின் சன்னலோரம்
ஒருமுறை நின்று கேட்டிருக்கிறேன்:
வாத்து எச்சத்துக்கு அரைமணி,
படகு எஞ்சின் எத்தனை குதிரை என்பதற்கு ஒருமணி.
கரைமேல் முளைத்த செடார் மரங்களை வெட்டலாமா?
"நிழல் போய்விடும்" என்றார் ஓடெட் க்ரூஸ்.
"வெட்டினால் வேர் அழுகும், உள்ளே குகை விழும்"
என்றார் இன்னொருவர், மரம் வளர்ந்துகொண்டிருந்தது.
மஸ்க்ராட் தோண்டிய வளைகள் அடுத்த வருடத்துக்கு.
கலிங்கில் அடைத்த கட்டைகளும்.
பீட்சா ஆறிக்கொண்டிருந்தது.

மே மாதம் நான்கு நாள் மழை.
நாட்காட்டியில்: முப்பத்தெட்டு. முப்பத்தொன்று.
புதன் விடியலில் பத்தொன்பது,
டப்பாவின் அடியில் ஒரு விரற்கடை களிமண்.

தலைவர் ஹார்லன் டிட்வெல் பைஜாமாவோடு வந்தார்.
மதகுச் சக்கரத்தில் இரண்டு பேர் தொங்கினார்கள்.
அது கடைசியாகச் சுழன்றது யார் காலத்திலோ.
தண்டு முறிந்த சத்தம்
என் ஆட்டுக்கொட்டில்வரை கேட்டது.
யாரோ சிமெண்டு மூட்டை தூக்கி வந்தார்,
கசிவை அடைக்க.

வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே புதிது.
அடைத்தால் வேறு வாய் திறக்கும்.
மணல் கொட்டுங்கள், அதன்மேல் சரளை.
மண்ணைப் பிடியுங்கள், தண்ணீரை விடுங்கள்.

பன்றிப் பண்ணை ஓரின் க்ளெம்
பாசனக் குழாய்கள் ஆறு கொண்டுவந்து
கரையின் முதுகுமேல் வளைத்துப் போட்டான்.
சைஃபன் முதல் மிடறு விழுங்க நாற்பது நிமிடம்.
பிறகு மூன்று நாள் அது வாயெடுக்கவில்லை.

ஏரி ஒன்பதடி இறங்கியது.
படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன.
கோல்ஃப் பந்துகள், நூறு இருக்கும்,
எல்லாம் ஒரே வீட்டுக்கு நேராக.
இனி வீட்டு விலை எவ்வளவு இறங்கும் என்று
ஓடெட் என்னிடமே கேட்டார்.
என் வீட்டின் விலையை நினைத்துப் பார்த்தேன்,
அணை இருக்கும்போதும், போகும்போதும்.

பொறியாளர் சொன்ன தொகையை
முப்பத்தொன்றால் வகுத்தார்கள், மறுபடி வகுத்தார்கள்,
விடை இளகவில்லை.
பழுது பார்க்க: பதினாறு. வேண்டாம்: பதினைந்து.
ஹார்லன் என் தீவனக்கடை நாட்காட்டிகளை,
பதினொரு வருடத்தையும், கேட்டு வாங்கிப்போனார்.
திருப்பித் தரும்போது, உறுப்பினராகச் சேரலாமே,
பாதிச் சந்தா போதும் என்றார்.
எனக்கு மேலே என்ன வேலை என்றேன்.

சனிக்கிழமை சின்ன செடார்களை வெட்டுகிறார்கள்.
ரம்பம் என்னுடையது.

இன்று ஞாயிறு. நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி.
தெளிவு, என்று எழுதிவிட்டேன்.
பிறகு டப்பாவைக் கவிழ்த்து
அதன் அடியை
விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தேன்.