நீர்மட்டக் குறிப்பேடு

மாதத்தின் முதல் செவ்வாயும் புதனும்
எனக்கு நாற்பத்தொரு கிணறுகள்.
ஸ்கூட்டியின் பின்சீற்றில் நாடாச் சுருள்,
நுனியில் பித்தளைத் தூக்கு.
தண்ணீர் பட்டால் கீச்சென்று கத்தும்.
கல்லில் பட்டால் சத்தமில்லை, நாடா தளர்ந்துபோகும்.

நான் எழுதுவது தண்ணீரின் அளவை அல்ல.
கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும்
எவ்வளவு ஒன்றுமில்லை என்பதை,
மீற்றரில், இரண்டு தசமதானத்துக்கு.
உரும்பிராய் 6.12.
ஊரெழு 7.40.
ஏழாலையில் இறைக்கிற நேரம் போனால் எண் பொய் சொல்லும்.
மோட்டரை நிறுத்தி, மட்டம் ஏறும்வரை
வெங்காயப் பாத்தி வரம்பில் நிற்க வேணும்.
"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?"
"சும்மா."

நிற்கத் தெரியாதவள் நான்.
போன வைகாசி நல்லூரில் மூன்றுநாள் தியான வகுப்பு.
கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினேன்.
உள்ளே லீசிங் தவணை,
பாரிசில் தம்பி எடுக்காத அழைப்பு,
பக்கத்துப் பாய்க்காரரின் மூக்கடைப்பு.
எண்ணங்களை மேகம்போல் போகவிடு என்றார்கள்.
வைகாசியில் யாழ்ப்பாணத்தில் ஏது மேகம்?
மூன்றாம்நாள் பின்னேரம்
பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தேன்.

பட்டியலில் முப்பத்தெட்டாவது, வயாவிளான்.
முட்கம்பிக்குள் கிடந்து திரும்பி வந்த காணி.
வீடு இல்லை, மதில் இல்லை.
கிணறு இருந்தது. வீடு
அதற்குள் இருந்தது, வாய் முட்ட:
சுவர்க்கல், ஓடு, யன்னல் கம்பி, பாதி நிலைக்கதவு.
நாடாவை இறக்க இடமில்லை.
0.00 என்று எழுதினேன்.
மாரியில் தண்ணீர் விளிம்பைத் தொட்டாலும் அதுதான் எண்.
படிவத்தில் வேறு குறியீடு இல்லை.

காணிக்காரி ஜெசிந்தா. கைக்குட்டையால் மூக்கைக் கட்டியிருந்தாள்.
"புதுக்கிணறு வெட்ட மானியம் தருவினம்" என்றேன்.
"கிணறு இருக்குத்தானே மிஸ்.
அடைச்சுக்கொண்டு கிடக்கிறதை எடுத்தாக் காணும்."

மாசியில் 0.85.
பங்குனியில் 2.10.
எதையும் போடாமல் வளர்கிற எண்.
எடுத்தவை வேலியோரம் குவிந்தன:
தையல் மெசினின் சில்லு, பால்மா ரின்,
ஆட்டினதோ நாயினதோ ஒரு தாடை,
ஒற்றைப் பள்ளிச் சப்பாத்து.
சப்பாத்தை அவள் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.
ஒருமுறை பார்த்தாள், கூடைக்குள் போட்டாள்,
"இழு" என்று புருசனுக்குக் குரல் கொடுத்தாள்.
கப்பி கிரீச்சிட்டது. கூடை மேலே போனது.
அவ்வளவுதான்.

ஆனியில் ஒரு புதன்.
நாடாவை விட்டேன்.
ஐந்து மீற்றர். ஆறு.
சுண்ணக்கல்லின் ஈரவாடை முகத்தில் ஏறியது.
ஏழு. நாடா இன்னும் தளரவில்லை.
பலாலியில் விமானம் ஒன்று இறங்கியது; கேட்டது.
காதுக்குப் பின்னால் வியர்வை வழிந்தது; தெரிந்தது.
தவணை வந்தது,
கூடையில் ஏறிப் போனது.
கேட்டுக்கொண்டிருப்பது ஆர் என்று
ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தேன்.
கட்டு இருந்தது. வட்டம் இருந்தது.
நடுவில் ஆளில்லை.
பயமாயிருக்கும் என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன்.
காற்றுத்தான் இருந்தது, குளிர்ச்சியாய்,
கேட்டபடி.

கீச்.
7.93.

"தண்ணியோ மிஸ்?"
"தண்ணிதான்."
என் குரல் கிணற்றுக்குள் விழுந்து,
கொஞ்சம் பிந்தி, வேறொருத்தியினது போல ஏறி வந்தது.
ஜெசிந்தா சிரித்தாள். பிறகு கட்டில் குந்தியிருந்து
கனநேரம் ஒன்றும் பேசவில்லை.
உப்போ நல்லதண்ணியோ, ஆய்வுகூடம் சொல்லட்டும்.
ஒரு போத்தல் எடுத்து மூடினேன்.

'விசேட குறிப்பு' என்றொரு நிரல் படிவத்தில் உண்டு.
வழமையாக 'ஒன்றுமில்லை' என்றுதான் போடுவேன்.
அன்றும் அதையே போட்டேன்,
கொஞ்சம் மெதுவாக.

இன்னும் மூன்று கிணறு மிச்சம்.
அச்சுவேலி மட்டும் போகப் பெற்றோல் காணுமோ தெரியாது.